எகிப்து மேடமும் என் பேனர் கடையும்

பேனர் டிசைன் தொழிலில் இருக்கும் சக பாவிகளே, தொப்பையைக் குறை, கலரைக் கூட்டு என்பதைத் தவிர நம்மிடம் யாராவது வேறு எதையாவது கேட்டதுண்டா?

புதுச்சேரி மூலக்குளத்தில் இருக்கும் என் கடைக்கு அப்படி ஒருவர் வந்தார். லூர்து மேடம். எகிப்தின் பழைய சித்திர எழுத்தைப் படிக்கக் கற்ற முதல் புதுச்சேரிப் பெண். கல்வெட்டு போட்டோக்களின் மேல் கம்ப்யூட்டரில் கோடு வரைந்து தர ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

அலகு

முதல் படத்தில் ஒரு பறவையின் அலகு உடைந்திருந்தது. பழக்கதோஷம், புது அலகு வைத்துக் கொடுத்தேன். மேடம் சிரித்துவிட்டார்.

"தம்பி, ஒடைஞ்சது ஒடைஞ்ச மாதிரியே வரணும். நீங்க மூக்கு வச்சா அது மூலக்குளத்துக் குருவி ஆயிடும்."

படையல்

காதணி விழா பேனருக்காக வந்திருந்த பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக் கம்பெனி ஊழியர் ஒருவர் திரையை எட்டிப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மேடம் பேப்பர் படிப்பதுபோலச் சரளமாகப் படித்தார். செத்துப்போனவருக்கு ரொட்டியும் பீரும் படைக்கிறார்களாம். எனக்குப் புல்லரித்தது. வந்தவர் அசரவில்லை.

"நாங்களும் அப்பாவுக்கு குவாட்டர் வச்சித்தாம்மா கும்புடுறோம். அவங்க நம்ம சனம்தான்."

கீறல்

மேடத்தின் உயிரே ஒரு கல்லில்தான் இருந்தது. அதில் படையல் போடுபவர் ஆண் என்றுதான் எல்லாப் புத்தகமும் சொல்கிறது. முதலில் அங்கே இருந்தது ஒரு பெண், அவளைச் செதுக்கி எடுத்துவிட்டு ஆணாக்கிவிட்டார்கள், கால் பக்கம் மங்கலாகத் தெரியும் கீறல்கள் அவளுடைய நீள அங்கி என்பது மேடத்தின் கட்சி. வெறும் விரிசல் என்று வெளிநாட்டுப் பேராசிரியர்கள் பல வருஷமாக ஒதுக்கிவந்தார்கள். கடைசியில் ஒருவர் மட்டும் படத்தைப் பார்த்துப் பேச ஒப்புக்கொண்டார். வீடியோவில், என் கடையிலிருந்தே.

படத்தைத் திறந்தால் கீறலைக் காணோம்! கூட வேலை பார்க்கும் செல்வி, அழுக்கு என்று நினைத்துத் துடைத்திருந்தாள். மேடம் திட்டவே இல்லை. கீறலோடு நான் முதலில் வரைந்த படத்தையும் பக்கத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, பிரெஞ்சில் மடமடவென்று பேசினார். முதன்முதலில் இந்தக் கல்லைப் படம் எடுத்து வரைந்தவரும் இப்படித்தான் துடைத்திருக்கிறார் என்றாராம். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இறங்கி, கணுக்காலில் ஒன்றாகச் சேர்கிற விரிசல் உலகத்தில் உண்டா என்றாராம். பேராசிரியர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, பெண்தான் என்று ஒப்புக்கொண்டார். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீறலை விடாமல் அப்படியே வரைந்ததற்கு என்னைப் பாராட்டினார். செல்விதான் பதறினாள்.

"ஐயோ மேடம், அந்தப் பொம்பளய மூணாவது வாட்டி நான் அழிக்கப் பாத்தேனே!"

ஊர் முகத்துக்கெல்லாம் பவுடர் பூசிப் பிழைக்கும் நம் தொழிலில், எதையும் அழகாக்காமல் விட்டதற்காகப் பாராட்டு வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.