சாம்பிராணியும் ஒரு தும்மலும்

போன வாரம் என் தங்கை ரம்யா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "அக்கா, நான் வேலைய விட்டுடலாம்னு இருக்கேன்."

சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. அடித்துப் பிடித்து வாங்கிய டீம் லீடர் பதவி. பிரசவ விடுப்பு முடியப் போகிறது. குழந்தையை விட்டுப் போக மனசில்லையோ?

"அதெல்லாம் இல்ல... கம்பெனி பஸ் ஒத்துக்காது."

வீட்டுப் பக்கத்துக் கேம்ப் ரோடு ஸ்டாப்பில் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம்தான். அதே பஸ்ஸில் வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டே போய்வந்தவள் இவள்! 'பஸ் ஒத்துக்காது' என்பது எங்கள் அம்மாவின் வசனம். இவளுக்கு எப்போது தொற்றியது?

அம்மாவோ வேறொரு பெருமையில் இருந்தார். சேலையூர் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு அவர் வைத்ததுதான் சட்டம். பூண்டுக் குழம்பு, லேகியம், காதில் பஞ்சு, வயிற்றை இறுக்கிக் கட்டிய பழைய காட்டன் புடவை. முக்கியமாக, தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது... வயிறு போட்டுவிடுமாம்!

"எம் பொண்ணப் பாரு, பத்தியம்னா பத்தியம். நானே குடுத்தாக்கூட ரெண்டு வாய்க்கு மேல தண்ணி குடிக்க மாட்டேங்கறா" என்று பக்கத்து ஃபிளாட் வரை சொல்லி வைத்திருந்தார்.

எனக்கு எங்கேயோ உதைத்தது. ரம்யாவா? அம்மா கிழக்கே போ என்றால் மேற்கே போகிற ரம்யாவா?

அன்று எண்ணெய்க் குளியல். முடி காய அம்மா சாம்பிராணி போட்டார். புகை மூக்கில் ஏறி ரம்யா ஒரு தும்மல் தும்மினாள். அவ்வளவுதான் — முகம் வெளிறி, கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். பின்னாலேயே போனேன். கதவுக்குள் அழுகைச் சத்தம்.

"அக்கா... தும்மினா, சிரிச்சா, குழந்தையத் தூக்கினாக்கூட யூரின் வந்துடுது. பஸ்ல நான் என்ன பண்ணுவேன்? அதான் தண்ணியே குடிக்கறதில்ல."

அடிப்பாவி! பால் கொடுக்கிறவள் நாக்கு வறள உட்கார்ந்திருக்கிறாள். நாங்கள் அதற்குப் பத்தியம் என்று பேர் வைத்து மெச்சிக்கொண்டிருக்கிறோம். குழந்தை எடை போட்டதா என்று விசாரிக்க ஊரே வந்தது. இவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று யார் கேட்டோம்?

மறுநாளே தாம்பரத்தில் ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனேன். அம்மாவும் குழந்தையோடு ஒட்டிக்கொண்டார்.

டாக்டர் பரிசோதித்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கா வேலைய விடறீங்க? இடுப்புக்கு அடியில யூரின் பையத் தாங்கிப் பிடிக்கற தசை பிரசவத்துல தளர்ந்திருக்கு. நிறைய பேருக்கு வர்றதுதாம்மா, யாரும் வெளிய சொல்றதில்ல. பிசியோதெரபிஸ்ட் பயிற்சி சொல்லித் தருவாங்க. விடாம செஞ்சா நல்லாவே குறையும். முதல்ல தண்ணி குடிங்க!"

ரம்யா அங்கேயே என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி மடமடவென்று குடித்தாள். அப்பாடா! எனக்கே தாகம் தீர்ந்த மாதிரி இருந்தது. "ஆபீஸ்ல எதுவும் சொல்லிடலையே?" என்றேன். "இன்னும் இல்லக்கா... இனிமே சொல்லவும் மாட்டேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாங்கள் எழுந்துவிட்டோம். அம்மா எழவில்லை. டாக்டர் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பயிற்சி... என் வயசுக்கும் கேக்குமா டாக்டர்?"

"தாராளமா செய்யலாம்மா" என்றார் அவர்.

நானும் ரம்யாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சொந்தக்காரர் கல்யாணம், கோயில் டூர் — எத்தனை முறை கூப்பிட்டிருப்போம்! எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் 'பஸ் ஒத்துக்காது' என்ற ஒரே பதில்தானே...

ஆட்டோவில் ஏறியதும் அம்மா கேட்டார்: "ஏண்டி, அந்தத் திருப்பதி பஸ் டூர்... இன்னும் போடறாங்களா?"