முனுசாமி அண்ணன் பேரனுக்குப் பேர் வைத்த கதை

இன்று செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் முனுசாமி அண்ணனைப் பார்த்தேன். அவர் மடியில் ரோஜா மாலை, அண்ணி மடியில் புதுப் பேரன்.

இறந்துபோன எம்.எல்.ஏ.வுக்குக் கொடி பிடித்தே நரைத்தவர் அண்ணன். இந்தத் தேர்தலில் சீட்டு தனக்குத்தான் என்று நம்பியிருந்தார். கட்சி அதை எம்.எல்.ஏ. மகனுக்குக் கொடுத்துவிட்டது.

“இன்னா அண்ணாத்த, மாலை உனக்கா?” என்றேன்.

“கம்முனு வாப்பா. சின்னவரு வர்றாரு. பேரனுக்கு அவரு வாயாலதான் பேரு வைக்கணும்.”

மாமல்லபுரத்தில் காரிலிருந்து இறங்கிய சின்னவர், அதாவது எம்.எல்.ஏ. மகன், மாலையை வாங்கிக்கொண்டு, “உங்களுக்கு எந்த ஊரு?” என்று கேட்டார்.

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் குழந்தையை நீட்டினார்.

சின்னவர் யோசிக்கவே இல்லை. “எங்க அப்பா பேரையே வச்சிடுங்க. ஏகாம்பரம்.”

கூட்டம் கை தட்டியது.

திரும்பும் பஸ்ஸில் அண்ணி பொரிந்துகொண்டே வந்தார். “எங்க நைனா பேரு வைக்கலாம்னு இருந்தேன். சீட்டும் அவுங்களுக்கு, என் பேரனும் அவுங்களுக்கா?”

எனக்கு அதற்கு மேல் கிண்டல் வரவில்லை, அலுப்புதான் வந்தது.

பேரன் வளர்ந்து சேட்டை பண்ணினால், தலைவர் பேரைச் சொல்லி ‘டேய்’ போட்டுத் திட்ட அண்ணனுக்கு வாய் வருமா? தெரிந்தவர்கள் டீக்கடைப் பக்கம் வந்து சொல்லுங்கள்.