வராத வண்டிக்குச் சிவப்பு

இலோனா குபாஷ், லைப்ஸிக் நகருக்கு வெளியே ஒரு கிளைப்பாதையில் சிக்னல் அறைப் பணியாளர். இருபத்தாறு வருடமாக அதே அறை, பி-4. ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவில் கிடைக்கும் நாற்பது நிமிடங்களிலேயே நூலகத்து நாவல்களில் பாதியை வாசித்து முடித்தவர். வாரத்தில் ஷிப்ட் இல்லாத இரண்டு நாட்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கும் எங்கள் ஆய்வகத்துக்கு வருவார். 'கதை வாசிப்பவர்கள் தேவை, பட்டம் வேண்டாம்' என்று நூலகத்தில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஏன் கிழித்தீர்கள் என்று கேட்டதற்கு, "வேற யாரும் வந்துடக் கூடாதுல்ல" என்றார்.

பள்ளியை முடித்துவிட்டு, மேலே என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வருடத் தொண்டு வேலைக்கு வந்த என்னை அவருக்கு ஜோடியாக்கினார்கள்.

கதைகள் எல்லாம் நூறு வருடத்துக்கு முந்தையவை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் திரையில் நிறம் பூச வேண்டும். அதில் ஏதாவது மாறினால் சிவப்பு, ஒன்றும் நடக்காவிட்டால் சாம்பல். கதையில் சம்பவம் என்றால் எது என்று இலக்கியக் கோட்பாட்டாளர்கள் நெடுங்காலமாகச் சண்டை போடுகிறார்கள். எங்கள் தலைவர் டில்மன் அதைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து, மூவாயிரம் நாவல்களில் கதை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கோடு வரைய நினைத்தார். கணினி கற்பது எங்கள் நிறங்களிலிருந்து. அதனால் ஒரே கதையை இரண்டு பேர், பேசிக்கொள்ளாமல், தனித்தனியாகப் பூசுவோம். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கடைசியில் ஓர் எண் வரும். முழுதும் ஒத்தால் ஒன்று. குருட்டாம்போக்கில் பூசியதுபோல் இருந்தால் பூஜ்யம். வியாழக்கிழமைதோறும் எண்களை உரக்கப் படிப்பார்கள். கடைசியாக வரும் ஜோடி அடுத்த வாரம் எல்லாருக்கும் காபி போட வேண்டும்.

நாங்கள் ஆறு வாரம் தொடர்ந்து காபி போட்டோம்.

"உன் காபியும் மோசம், உன் சாம்பலும் மோசம்" என்பார் இலோனா.

"விதியில அப்படித்தானே இருக்கு? நீங்கதான் கண்டபடி சிவப்பு அடிக்கிறீங்க."

விதி தெளிவாகத்தான் இருந்தது. நடக்காதது சம்பவம் அல்ல. 'அன்று மாலைக் கப்பலில் அவன் வரவில்லை' என்றால் சாம்பல். அந்த மாதிரி வாக்கியங்களில் பலவற்றை இலோனா சிவப்பாக்கியிருந்தார்.

ஏழாவது வியாழன் எங்கள் எண் 0.41. மற்ற ஜோடிகள் எல்லாம் 0.7-ஐத் தொட்டிருந்தார்கள். டில்மன் நெளிந்தார். "இலோனா, தப்பா நினைக்காதீங்க. உங்க முந்நூறு பக்கத்தையும் எடுத்துட்டு, வேற ஒருத்தரை வெச்சுப் பூசலாம்னு இருக்கேன்."

இலோனா முதல் நாளிலிருந்தே எல்லாரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார், தலைவரையும் சேர்த்து.

"தப்பாத்தான் நினைப்பேன். ரெண்டு மாச வேலை அது. குப்பையில போடுறதுக்கு முன்னாடி இதுக்குப் பதில் சொல்லு. பத்து நாற்பது வண்டி பத்து நாற்பதுக்கு வந்தா எனக்கு என்ன வேலை? சிக்னல் கைப்பிடியை இழுப்பேன், ஒரு வரி எழுதுவேன். வரலைன்னா? அடுத்த நிலையத்துக்குப் போன் பண்ணணும். பின்னாடி வர்றதை நிறுத்தணும். கேட்டைத் திறக்கலாமா வேணாமான்னு முழிக்கணும். வராத வண்டிக்குத்தான்டா வேலை அதிகம்!"

"இது ரயில்வே இல்லையே, இலோனா."

"அந்தக் கப்பல் கதையில அவ மூணாம் பக்கத்துலேர்ந்து துறைமுகத்துலயே நிக்கிறா. அவகிட்டப் போய்ச் சொல்லு, ஒண்ணும் நடக்கலைன்னு."

எல்லாரும் சிரித்தார்கள். டில்மன் சிரிக்கவில்லை. "சரி, அப்போ 'இல்லை'ன்னு வர்றதெல்லாம் சிவப்பா? 'அவன் தொப்பி போடலை', அதுவுமா?"

"அது எதுக்கு? அட்டவணையிலேயே இல்லாத வண்டி வரலைன்னு எவனாவது போன் பண்ணுவானா? இது வரும்னு கதை முன்னாடியே சொல்லியிருக்கணும். யாராவது காத்துக்கிட்டு இருக்கணும். அப்பதான் சிவப்பு."

டில்மன் பேனாவைத் தேடினார். நான் என் திரையைப் பார்த்தேன். துறைமுகத்தில் நின்றவளை நான் கவனிக்கவே இல்லை. 'இல்லை' என்ற சொல்லைக் கண்டதும் சாம்பலைப் பூசிவிட்டு நகர்ந்திருந்தேன். அதைச் சத்தமாகவே சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டில்மன் நியாயமானவர், ஆனால் வாதத்தை மட்டும் நம்பி எதையும் மாற்றமாட்டார். இலோனாவை அறியாத இரண்டு மாணவர்களைக் கீழ்த்தளத்திலிருந்து அழைத்தார். புது விதியைக் கொடுத்து, யாரும் தொடாத அறுபது பக்கங்களைப் பூசச் சொன்னார். அவர்களும் 0.7-ஐத் தொட்டால் இலோனாவின் பக்கங்கள் இருக்கும். தொடாவிட்டால் போய்விடும்.

எண் செவ்வாய்க்கிழமை வந்தது. இலோனா வேலையில் இருந்தார். சிக்னல் அறைக்குப் போன் செய்தேன்.

"இரு, வண்டி வருது" என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டார். முழுதாக நாலு நிமிடம் ரயில் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "ம், சொல்லு."

"எழுபத்திரண்டு! பூஜ்யம் புள்ளி எழுபத்திரண்டு!"

"மீதி இருபத்தெட்டு எங்கடி போச்சு?"

எண்ணை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

இலோனாவுடையதை விட்டுவிட்டு, என் முந்நூறு பக்கங்களையும் மற்ற ஜோடிகளுடையதையும்தான் திரும்பப் பூச வேண்டியிருந்தது. என் பங்கைப் பூசினேன். எந்தப் பெரிய நூலிலிருந்தும் எடுக்காத ஒரு விதி, ஓர் அறையில் இருபத்தாறு வருடம் ரயிலுக்குக் காத்திருந்த பெண் சொன்ன விதி, இப்போது மூவாயிரம் நாவல்களுக்குள் போகிறது. நான் அவருடைய ஜோடி என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

வசந்தத்தில், நிறம் பூசும் விதிகளின் புது வழிகாட்டி அச்சாகப் போனது. எழுதியவர்கள் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவரவர் பல்கலைக்கழகம் வர வேண்டும். "உங்க பேருக்குப் பக்கத்துல என்ன போடுறது?" என்று டில்மன் கேட்டார்.

"நான் வேலை பார்க்குற இடத்தைப் போடு."

அப்படியே போட்டார்கள். எழுத்து வரிசைப்படி அவர் பெயர்தான் முதலில் வருகிறது: இலோனா குபாஷ், சிக்னல் அறை பி-4. பல்கலைக்கழகங்கள் அதற்குக் கீழே.