துவக்குக் கேட்ட கூட்டம்

எண்பதுகளின் நடுப்பகுதி. நிந்தவூரிலிருந்து கல்முனைக்குப் போகிற பஸ் தமிழர் ஊரான காரைதீவைத் தாண்டும்வரை முஸ்லிம்களான நாங்கள் யாரும் வாய் திறக்காத கலவரக் காலம். நான் அப்போது நிந்தவூரில் ஆசிரியர்.

ஒருநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு மைதானத்தில் கூட்டம். வீட்டுக்கொரு துவக்குக் கேட்டு அரசாங்கத்துக்கு மகஜர் அனுப்ப வேண்டும் என்று பேச வெளியூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். குரலைத் தாழ்த்தி எங்கள் பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லி அழவைத்தார். பிறகு, துவக்கு வேண்டாம் என்பவர் எழும்பட்டும் என்றார். நிறைய வயல்களுக்குச் சொந்தக்காரரான வயதான போடியார் ஒருவர் எழும்பி, யாரைச் சுடுவது என்று யார் முடிவு செய்வது எனக் கேட்டார்.

"போடியாருக்கு ஆராவது வளையல் வாங்கிக் குடுங்க" என்றார் பேச்சாளர்.

மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன், கைதட்டினேன். மகஜரை எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

என் தங்கையின் கணவர் அரசாங்கத்தின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பத்து நாளுக்குள் எங்கிருந்தோ ஒரு நாட்டுத் துவக்கு வாங்கிவிட்டார். நாவிதன்வெளியில் எங்கள் வயல். ஒரு விடிகாலை நானும் மச்சானும் வயல் காவலுக்கு வாடிக் குடிசையில் இருந்தோம். பனிமூட்டத்துக்குள் வரம்பில் யாரோ கத்திக்கொண்டு ஓடி வந்தார். நான் எழும்புவதற்குள் மச்சான் சுட்டுவிட்டார்.

விழுந்து கிடந்தவர் பக்கத்து வயல்காரர். காரைதீவுத் தமிழர். பல வருடங்களாக ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியவர்கள் நாங்கள். வலது கை சிதைந்திருந்தது.

"உங்கட வரம்பு உடைஞ்சி தண்ணி போகுது மாஸ்டர். அதச் சொல்லத்தான் வந்தன்" என்றார்.

டிராக்டரில் ஏற்றிக் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பன்றிக்கு வைத்த வெடி தவறிப் பட்டுவிட்டது என்று பொய் சொன்னோம். அவரும் எங்களுக்காக "ஓம்" என்றார். உயிர் தப்பினார். முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் அதே பேச்சாளர், தாக்க வந்த கும்பலைத் துவக்கு வைத்திருந்த எங்கள் இளைஞன் ஒருவன் விரட்டியடித்தான் என்று முழங்கினார். ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள். நான் எழும்பினேன்.

"கும்பல் ஒண்டும் வரல்ல. வரம்பு உடைஞ்சதச் சொல்ல ஒரு மனிசன்தான் வந்தார். சுட்டது என்ட மச்சான்."

பேச்சாளர் சிரித்தார். மாஸ்டர் பயந்துபோனார், இருத்துங்கள் என்றார். மறுபடியும் அதே சிரிப்பு. என் சட்டையைப் பிடித்து இழுத்தது மச்சான்.

"இரிங்க மச்சான், மானத்த வாங்காம" என்றார். பத்துப் பேர் அவர் தோளில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

சில மாதங்களில் அந்தப் பேச்சாளர் குடும்பத்தோடு கொழும்பில் குடியேறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கை போனவர் எங்கேயும் போகவில்லை. அடுத்த போகத்தில் இடது கையால் விதைத்தார். நான் போய்ப் பேசினேன். தலையை அசைத்துவிட்டு விதைப்பைத் தொடர்ந்தார்.

இன்றும் மேடையில் ஒருவர் நியாயமான கேள்வியைக் கேலியாக்கும்போது எனக்கு ரத்தம் கொதிக்கிறது. போடியாரின் வாயை அடைத்த அந்தக் கைதட்டலில் என் கையும் இருந்தது என்பதை நினைக்கும்போது அந்தக் கோபம் என் பக்கமே திரும்புகிறது.