மூன்றாம் நம்பரில் வைத்த மைக்

பாப்பா, தம்பி, உங்கள் மாமா தாத்தாவிடம் எதையும் மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொள்கிறீர்கள். ஒருகாலத்தில் அவர் என்னிடம் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் நான் பொய் சொன்னேன். உங்களிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஓசூரில் லைன் வீட்டில் குடியிருந்தோம். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "நூறு" என்பார்கள். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். பிரஸ் ஷாப்பில் வேலை. இரும்புத் தகட்டை மிஷினில் வைப்பார், மேலிருந்து இடி மாதிரி விழும். எட்டு மணி நேரமும் அதே இடி. வேலை முடிந்து வந்ததும் எலெக்ட்ரிக் கிடாரை மடியில் வைத்துக்கொள்வார். கம்பெனிச் சத்தம் போதாதென்று இவன் வீட்டிலும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறான் என்பார் அப்பா.

பெங்களூர் ஆர்கெஸ்ட்ரா ஒன்றில் கிடார் வாசிக்க ஆள் தேடினார்கள். சொந்த மெட்டு ஒன்றை வாசித்துக் கேசட்டில் பதிந்து அனுப்பச் சொன்னார்கள். பிடித்துப்போனால் மாமா பிரஸ் ஷாப்பை விட்டு வெளியே வந்துவிடலாம். அது ஒன்றுதான் அவருக்கு வழி. வேறு எதுவும் அவருக்குத் தெரியாது, யாரும் கூப்பிடவும் இல்லை.

கூட்டாளி ஒருவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியும் மைக்கும் பதிகிற மிஷினும் இரவல் வாங்கி வந்தார். பெட்டி கிட்டத்தட்ட என் உயரம். மெதுவாக வைத்துப் பதியக்கூடாதா என்று அம்மா கேட்டாள். மெதுவாக வைத்தால் அது தூங்கும், கத்த விட்டால்தான் பாடும் என்றார் மாமா. லைனில் இருந்த அத்தனை வீட்டுப் போர்வையையும் நான் வாங்கி வந்தேன். மெத்தையும் போர்வையும் போர்த்தி நிற்க வைத்ததில் அந்தப் பெட்டி குளிர்காய்ச்சல் வந்த ஆள் மாதிரி இருந்தது. அப்படியும் முதல் கம்பியைத் தட்டியதும் வீட்டுக்கார அம்மா வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏனப்பா இது, மனெயா ஃபாக்டரியா?" என்று கன்னடத்தில் ஒரு கத்தல். வீடா கம்பெனியா என்று கேட்கிறார்.

"ஒந்து கண்டெ அம்மா, ஒந்தே கண்டெ!" என்று மாமா கெஞ்சினார், ஒரே ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லி.

பெட்டியின் முன்னால் ஒரு கறுப்புத் துணி இருக்கும், ஸ்பீக்கர் அதற்குப் பின்னால். மாமா டார்ச் அடித்துப் பார்த்து, துணியின் மேல் சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினார். ஒன்று ஸ்பீக்கரின் நடு, மூன்று அதன் ஓரம். மைக்கை ஒரு விரல்கடை நகர்த்தினாலே சத்தம் வேறாகிவிடுமாம். வாசிக்கிறவரால் பெட்டி பக்கத்தில் இருந்துகொண்டு அதைக் கேட்க முடியாது. அதனால் என்னைச் சமையல்கட்டில் உட்கார வைத்து, கதவுக்கு அடியில் ஒயரை விட்டு, தலையில் ஹெட்போனை மாட்டினார்.

"மாப்ள, உன்னுது புதுக் காது. என்னுது பிரஸ் ஷாப் காது. நீதான் சொல்லணும்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

ஒன்றாம் நம்பரில் சத்தம் ஊசி மாதிரி காதில் ஏறியது. இரண்டில் கொஞ்சம் அடங்கியது. மூன்றில் வைத்ததும் வலி நின்றுவிட்டது, கம்பளிக்குள் படுத்த மாதிரி இதமாக இருந்தது. மேல் கம்பி மட்டும் மங்கிப்போனது. வெளியே பையன்கள் டீம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் போகாவிட்டால் என் பேட்டிங் போய்விடும். மூன்றுதான் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மாமா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "மேல் கம்பி கிண்ணுனு வருதா?"

"வருது மாமா."

"நெஜமா? நல்லா கேட்டுச் சொல்றா. கிண்ணுனு வருதா?"

"வருது."

"தோ பாரு, சும்மா சொல்லாத. வருதா?"

"அய்யோ, வருது மாமா! எத்தினி வாட்டி சொல்றது!"

சரி என்று போய் வாசித்தார். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு தப்பில்லாமல், ஒரே மூச்சில் வாசித்தார். அதற்கு முன்பும் பின்பும் அவர் அப்படி வாசித்து நான் பார்த்ததில்லை. முடிந்ததும் ஹெட்போனில் முழுவதும் கேட்டார். கேட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார். நான் பந்து விளையாட ஓடிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் நகல் எடுத்து அனுப்பினார். பத்து நாளில் கூட்டாளிதான் பதில் கொண்டுவந்தார்.

"போர்வைக்குள்ள படுத்துக்கினு வாசிச்ச மாதிரி இருக்குதாம்டா. ஒரு கம்பியும் தெளிவா இல்லியாம். இத்தக் கேட்டுட்டும் அனுப்பினானே, அவனுக்குக் காது இருக்குதா இல்லியான்னு கேக்கறாங்க. மைக்க எவன்டா அங்க வெச்சான்?"

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் வெச்சேன்" என்றார்.

இன்னொரு தடவை பதிந்து அனுப்பலாமே என்றார் கூட்டாளி. வேண்டாம் என்றுவிட்டார் மாமா. அந்த மாதமே ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்தார்கள். கீச்சென்ற மெல்லிய சத்தங்கள் போய்விட்டன, இனி திரும்பி வராது, இருப்பதும் தேயும் என்றார்கள். கிடார் யாரிடமோ போனது. மாமா மறுபடி ஷிப்டுக்குப் போனார். இருபது வருஷத்துக்கு மேல் அதே இடியின் அடியில் நின்றார். மீதிக் காதும் அங்கேயே போயிற்று.

அன்றைக்கு அவர் எனக்குப் பரீட்சை வைக்கிறார் என்றுதான் நினைத்தேன். விடை அவருக்குத் தெரியும், நான் சரியாகச் சொல்கிறேனா என்று பார்க்கிறார் என்று. பெரியவர்கள் விடை தெரியாமலும் கேட்பார்கள் என்று பத்து வயதில் யாருக்குத் தோன்றும்? மேல் கம்பியின் சத்தம் அவருக்கு எப்போதோ நின்றுபோயிருந்தது. விரல் பழக்கத்தில்தான் அதை வாசித்துக்கொண்டிருந்தார். "நான்தான் வெச்சேன்" என்றது என்னைக் காப்பாற்ற என்று பல வருஷம் நம்பினேன். அதுவும் இல்லை. ஒரு பொடியனின் காதை நம்பித்தான் பதிந்தேன் என்று ஒரு கிடார்க்காரன் எப்படிச் சொல்வான்?

எங்கள் வீட்டில் வேண்டாத கேசட்டின் மேல் அப்பா பக்திப் பாட்டுப் பதிந்துவிடுவார். கூட்டாளி வந்துபோன மறுநாள், வீட்டில் யாரும் இல்லாதபோது, மாமாவின் கேசட்டை எடுத்தேன். அதன் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறெதுவும் பதிய முடியாது. அம்மாவின் ஊக்கால் நெம்பி இரண்டையும் உடைத்தேன்.