வயலுக்கும் மருந்து, அம்மாவுக்கும் மருந்து

தல்லாகுளத்தில் நரம்பு டாக்டர் அம்மாவுக்கு ஊசி போட்டுவிட்டு, "இருபது நிமிஷம் உட்காருங்க" என்றார். நான் அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மாதமாக மதியத்துக்கு மேல் அவள் இமைகள் தானாக இறங்கிவிடும். சோற்றை மென்று முடிப்பதற்குள் தாடை சோர்ந்துவிடும்; பேச்சு மூக்கால் வரும். சோம்பல் என்றார்கள் ஊரில். கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்று அப்பா நம்பினார்.

கால்மணி நேரம் இருக்கும். இடது இமை மெல்ல ஏறியது. பிறகு வலது.

"என்னடா, இம்புட்டு வெளிச்சமா இருக்கு?" என்றாள்.

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது! எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். மருந்தியலில் மூன்றாம் ஆண்டு. மனப்பாடம் செய்திருந்த புத்தகப் பக்கம் ஒன்று என் அம்மாவின் முகத்தில் நடந்துகொண்டிருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் வாயை விட்டேன். பஸ் விளாங்குடி தாண்டும்போது அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நரம்பு ஒரு ரசாயனத்தை அனுப்பித்தான் தசையை அசைய வைக்கிறது. வேலை முடிந்ததும் ஒரு நொதி வந்து அந்த ரசாயனத்தை அழித்துவிடும். அவள் தசைக்கு அந்த ரசாயனம் போதவில்லை; டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை அந்த நொதியைத் தடுக்கும். அறுவை சிகிச்சைக்காக மருந்தால் தளர்த்திய தசையை மீட்பதற்கும், ஞாபகம் மங்கியவர்களுக்கும் இதே வழியில் வேலை செய்யும் மருந்துகள் உண்டு. இதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நம்ம கத்திரிக்கு அடிக்கிறோமே, அந்தப் பூச்சி மருந்தும் இதே நொதியத்தாம்மா பிடிக்குது!"

அவள் மடியில் இருந்த மாத்திரைப் பையை எடுத்துக் காலடியில் வைத்தாள். மறுநாள் காலை மாத்திரை அட்டையைத் தேடினால், மோட்டார் ரூமில் தெளிப்பான் பக்கத்தில் இருந்தது.

"மருந்த மருந்து இருக்கிற எடத்துல வச்சேன்" என்றாள். "மருந்தடிச்ச ஆளு வரப்புல நொரை தள்ளி விழுந்தத இந்தக் கண்ணால பாத்தவ நான். அத முழுங்கவா?"

"உன் மகன் உன்னையக் கத்திரிப்புழுன்னு நெனச்சுட்டான் போல" என்று அப்பா சிரித்தார்.

மதியம் அவள் குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்தது. இருமி இருமிக் கண் சிவந்துவிட்டது. அப்பாவின் சிரிப்பு நின்றுபோனது. சாப்பாடு மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். புத்தகப் பேச்சு உதவாது என்றும் தெரிந்துவிட்டது.

"ம்மா, வயலுக்குத் தண்ணி கொஞ்சமாத்தான் வருதுன்னா என்ன செய்வ?"

"தண்ணி வெளிய போகாம வடிகால அடைப்பேன்."

"அதத்தான் இந்த மாத்திரை செய்யுது. நாலு மணி நேரத்துல அடைப்பு தானா விட்டுரும். பூச்சி மருந்து அடைச்சா விடவே விடாது."

அவள் யோசித்தாள். "அப்ப பயிரு அழுகிரும்."

"ஆமா."

"எம்புட்டு அடைக்கணும்னு அந்த டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. அதுக்குத்தான் இத்தனை படிப்பு. வயித்தைப் பொரட்டுனா, எச்சில் அதிகமா ஊறுனா உடனே சொல்லு, அளவைக் குறைப்பாரு."

கையை நீட்டினாள். மாத்திரையை நாக்கில் வைத்து, ஒரே ஒரு மடக்குத் தண்ணீரில் கவனமாக விழுங்கினாள்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். வாசலில் இருந்து தெருமுனை வரை கேட்கும்படி ஒரு குரல்:

"ஏங்க! ஆட்டை அவுத்துவிட்டுட்டு எங்க போனீக? பூராத்தையும் மேயுது!"

மூக்கில் சிக்காத, பழைய முழுக் குரல். என்னமோ ஏதோ என்று அப்பா வரப்பில் ஓடிவந்தார். திட்டு வாங்கிக்கொண்டே சிரித்தார். நான் செல்லை எடுத்து அடுத்த வேளைக்கு அலாரம் வைத்தேன்.