கிட்டாரில் இருந்த கறுப்புத் திட்டு

கச்சிபௌலியில் எங்கள் அலுவலக லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைப் பலகை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில் ஓர் அம்மாள் அதற்குப் பாலிஷ் போடுவார். மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் கலந்த மாதிரி ஒரு நெடி. அது மூக்கில் ஏறினால் அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது.

போன செவ்வாய் அந்த நெடியோடு இருக்கைக்கு வந்து சேர்ந்தபோதுதான் பக்கத்து சீட் கார்த்திக் தன் போனை நீட்டினான். மதுரைக் குடும்பம்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது இங்கேயே. தமிழில் கேட்டால் மூன்று மொழியில் பதில் வரும். "அண்ணா, யே தேகோ. ப்ளூஸ் வாசிக்கிறார், நம்ம சிகந்திராபாத் ஆளு. வாட் எ கிட்டார் அண்ணா!" பார்த்தால் ஜெயசீலன். தலை நரைத்து, தொப்பை விழுந்து, மடியில் அந்த உலோகக் கிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. இருபது வருஷமாக இதே எரிச்சல்தான். டாக்டர் அசிடிட்டி என்கிறார்.

அந்தக் கிட்டார் டெஸ்மண்டுடையது. டெஸ்மண்ட் ரயிலில் டிக்கெட் பரிசோதகர், ஆங்கிலோ இந்தியர். போத்தனூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவர். பிறகு முப்பது வருஷம் சிகந்திராபாத் மெட்டுகுடா. அதனால் தமிழும் இந்த ஊர் உருதுவும் அவர் வாயில் கலந்தே வரும். ஞாயிறு சாயங்காலம் குவார்ட்டர்ஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ப்ளூஸ் வாசிப்பார், அமெரிக்கக் கறுப்பர்களின் துக்கப் பாட்டு. இடது சுண்டுவிரலில் பாட்டில் கழுத்தை அறுத்துச் செய்த கண்ணாடி வளையத்தை மாட்டிக்கொண்டு கம்பிமேல் இழுப்பார். யார்டில் என்ஜின் கூவினால் அந்தச் சுருதியைப் பிடித்து அதோடு சேர்ந்து இழுத்துக்கொண்டே போவார். என்ஜின் நிறுத்தின பிறகும் இவர் நிறுத்த மாட்டார்.

ரசிகர்கள் நாங்கள் ஆறேழு பேர். அதில் தலைமை ரசிகர் யார் என்பதில் எனக்கும் ஜெயசீலனுக்கும் சொல்லிக்கொள்ளாத போட்டி. நான் அப்போது ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் பயிற்சி இன்ஜினியர். அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், எங்கள் பக்கத்து லைன் வீடு, சொந்த ஊர் நாகர்கோவில். கிட்டாரின் தலையில் பொறித்திருந்த எண்ணை நான் டைரியில் எழுதி வைத்திருந்தேன். அவன் மனப்பாடமாகவே சொல்வான். எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

டெஸ்மண்டிடம் பழைய கிட்டார்கள் மூன்று. இரண்டு மரம். மூன்றாவது பித்தளைத் தகட்டில் நிக்கல் முலாம் பூசியது. என்ஜின் டிரைவரான அவர் அப்பா ஒரு கப்பல்காரரிடம் வாங்கியதாம். முலாம் மங்கி, புள்ளி புள்ளியாகப் பாசி படர்ந்திருக்கும். வலது முழங்கை ஊன்றும் இடத்தில் முலாம் தேய்ந்து, உள்ளிருந்த பித்தளை வேர்வையில் கறுத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு. வருகிற ரசிகர்கள் எல்லோரும் அந்தத் திட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன், அழுக்கு என்று.

மழைக்காலத்தில் அவர் குவார்ட்டர்ஸ் ஒழுகும். அந்த இரண்டு மாதமும் உலோகக் கிட்டார் ஒரு ரசிகர் வீட்டில் தங்கும். ஞாயிறன்று கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கச்சேரி முடிந்ததும் திரும்ப எடுத்துப் போக வேண்டும். மூன்று மழைக்காலம் அந்தப் பாக்கியம் ஜெயசீலனுக்கே. பெட்டியை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்தி, குழந்தையைக் கூட்டிப் போவதுபோல மெதுவாக ஓட்டுவான். நான் நடந்து பின்னால் போவேன்.

நான்காம் வருஷம் தங்கை கல்யாணத்துக்கு அவன் ஊருக்குப் போனான். டெஸ்மண்ட் சுற்றிப் பார்த்தார். "நீ எடுத்துட்டுப் போ மேன். ஒரு வாரம்தான்." உள்ளுக்குள் நான் குதித்த குதி எனக்குத்தான் தெரியும்.

எங்கள் அப்பா ரயில்வே ஒர்க்ஷாப்பில் இருந்து ரிடையர் ஆனவர். வீட்டில் பித்தளை மங்கினால் அவருக்குச் சோறு இறங்காது. பெட்டியைத் திறந்ததுமே முகம் சுளித்தார். "இவ்ளோ நல்ல தகடு, இப்படிப் பாசி புடிக்க விட்டிருக்காரே மனுஷன்! பாலிஷ் டப்பா அலமாரில இருக்கு பாரு." அப்பாமேல் பழியைப் போடலாம்தான். ஆனால் அவர் சொல்வதற்கு முன்பே என் மனசில் அது ஓடியாகிவிட்டது. மூன்று மழைக்காலம் வைத்திருந்த ஜெயசீலனுக்கு இது தோன்றவில்லையே என்று டெஸ்மண்ட் சொல்ல வேண்டும். எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதற்காகவே நாலு சாயங்காலம், பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக, பழைய பனியன் துணியால் தேய்த்தேன். அந்தத் திட்டுக்கு மட்டும் ஒரு முழு சாயங்காலம். கடைசியில் அது தங்க நிறத்தில் மின்னியது.

ஞாயிறு பெட்டியைத் திறந்தேன். டெஸ்மண்ட் கிட்டாரை மடியில் வைத்து, முழங்கை ஊன்றும் இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "அப்பா கை மேன் அது. அதுக்கு மேல என் கை." என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே தேற்றினார். "நக்கோ மேன், நக்கோ. வருத்தப்படாதே. நல்லாத்தான் இருக்கு." அன்றைக்கு இரண்டு பாட்டோடு நிறுத்திக்கொண்டார். என்ஜின் கூவியபோது சும்மா இருந்தார்.

ஊரிலிருந்து திரும்பிய ஜெயசீலன் என்னிடம் ஒரே ஒரு வரிதான் சொன்னான். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா டே." திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பெட்டி மறுபடி அவன் ஸ்கூட்டரில் ஏறியது. சில வருஷம் கழித்து டெஸ்மண்ட் ஆஸ்திரேலியாவில் இருந்த மகளிடம் போகும்போது கிட்டாரை அவனுக்கே கொடுத்தார். அங்கேயே இறந்தும் போனார். அந்த குவார்ட்டர்ஸ் வரிசையை இடித்துவிட்டார்கள்.

கார்த்திக் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். "இந்த பேட்ச் பாருங்கண்ணா. தாத்தா காலத்துக் கைரேகைன்னு கமெண்ட்ல எல்லாரும் எழுதறாங்க." ஜெயசீலனின் முழங்கைக்குக் கீழே, அதே இடத்தில், அதே அகலத்தில் ஒரு கறுப்புத் திட்டு. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அது தாத்தாவும் இல்லை, அப்பாவும் இல்லை, வெறும் இருபது வருஷத்து ஜெயசீலன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பழையதைத் துடைத்தவன் யார் என்றும் சொல்ல வேண்டிவரும். "நல்லா இருக்குப்பா" என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

டெஸ்மண்டின் அப்பா கையும் டெஸ்மண்டின் கையும் கடைசியாக இருந்தது அந்தப் பனியன் துணியில்தான். கன்னங்கரேலென்று ஆகியிருந்தது. தெருமுனைக் குப்பைத் தொட்டியில் அதைப் போட்டுவிட்டு வந்து, கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன்.